இனவாதப் பழியும் தற்காப்பு வாதமும்: பாரிட் புந்தாரிலிருந்து மகாதீர் வழக்கைப் பார்த்தல்

1. கேள்வி

1969 மே 10 அன்று நடந்த பொதுத் தேர்தலில், கெடா மாநிலத்தின் கோத்தா ஸ்டார் செலாத்தான் நாடாளுமன்றத் தொகுதியில் ஆளும் மலாய்க் கட்சியான அம்னோவின் வேட்பாளர் டாக்டர் மகாதீர் முகமது 989 வாக்குகளில் தோற்றார். வென்றவர் பாஸ் கட்சியின் யூசோப் ராவா. மலாய்த் தீவிரவாதி என்று பெயரெடுத்திருந்த மகாதீரை வீழ்த்துவதற்காகவே சீன வாக்காளர்கள், தங்களுக்கு எவ்வகையிலும் நெருக்கமில்லாத ஓர் இஸ்லாமியக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். மகாதீரும் தம் தோல்விக்கு அதையே காரணமாகச் சொன்னார்.

49 ஆண்டுகள் கழித்து, 2018 மே 9 அன்று, அதே மகாதீர் எதிர்க்கட்சிகளின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியின் பிரதமர் வேட்பாளர். பேராக்கின் பாரிட் புந்தார் தொகுதியில் அக்கூட்டணி சார்பில் நின்று வென்றவர் முஜாஹிட் யூசோப் ராவா. 1969இல் மகாதீரைத் தோற்கடித்தவரின் மகன். தேர்தலுக்குப் பின் அவர் மகாதீரின் அமைச்சரவையில் சமய விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சரானார்.

இந்த அரை நூற்றாண்டுத் திருப்பம் ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. இனவாதி என்று பழி சுமந்த ஒருவருக்காக, அந்தப் பழியால் காயப்பட்ட மக்களிடமே வாக்குக் கேட்கும்போது எந்த வாதம் ஏற்கத்தக்கது? எது வெறும் பூசிமெழுகல்? 2018இல் மகாதீருக்காகச் சொல்லப்பட்ட தற்காப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோடுகிறது இக்கட்டுரை. அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்குக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்வதோடு நில்லாமல் அவருக்கு விடுதலைத் தீர்ப்பும் எழுதிக் கொடுத்ததுதான் பிழை என்பது இதன் நிலைப்பாடு.

2. பாரிட் புந்தார் ஏன்?

பேராக், பினாங்கு, கெடா மூன்றும் சந்திக்கும் முனையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. அவற்றில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. 1906இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் சுற்றுவட்டாரம் நெல் விளையும் பூமியாயிற்று. இன்று மலாய் வாக்காளர்களே பெரும்பான்மை; சீனர்கள் கணிசமாக இருக்கிறார்கள்; இந்தியர்கள் சிறு தொகையினர்.

இத்தகைய தொகுதியில் எந்த வேட்பாளரும் ஒரே இனத்தின் வாக்கை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. மலாய் வாக்குகள் பல கட்சிகளாகப் பிரியும்போது மற்ற இரு இனங்களின் வாக்கு முடிவைத் திருப்பிவிடும். முஜாஹிட் 2008லும் 2013லும் பாஸ் வேட்பாளராக இங்கே வென்றார். தேவாலயங்களுக்குச் சென்று சமயங்களுக்கிடையே உரையாடல் நடத்திய பாஸ் தலைவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 2015இல் பாஸிலிருந்து பிரிந்தவர்கள் அமானா கட்சியைத் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். ஆக, 2018இல் பாரிட் புந்தார் இந்தியருக்குத் தம் தொகுதி வேட்பாளரைப் பற்றி ஐயம் எழ அதிகக் காரணமில்லை. ஐயமெல்லாம் அவருக்குப் பின்னால் நின்ற பிரதமர் வேட்பாளரைப் பற்றியது.

3. குற்றப்பத்திரிகை

பழி ஒரே நாளில் வந்ததல்ல. 1964இல் முதன்முறை நாடாளுமன்றம் சென்ற மகாதீர், 1965 மே மாத விவாதத்தில் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சியை மலாய்க்காரர்களுக்கு எதிரான கட்சி என்று சாடினார். லீ குவான் இயூ அம்னோவின் தீவிரவாதிகள் என்று சுட்டியவர்களில் அவரும் ஒருவர். 1969 தோல்வியும் மே 13 இனக் கலவரமும் அடுத்தடுத்து வந்தன. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைக் கடுமையாகத் தாக்கி அவர் எழுதிய கடிதம் ஊரெங்கும் சுற்றியது. அம்னோ அவரை வெளியேற்றியது.

1970இல் சிங்கப்பூரில் வெளியான அவருடைய 'மலாய்க்காரர் இக்கட்டு' என்னும் நூல்தான் குற்றச்சாட்டின் முதன்மைச் சான்று. மலாய்க்காரரின் பொருளாதாரப் பின்னடைவுக்கு மரபணுவையும் சூழலையும் காரணமாகக் காட்டி, ஒவ்வோர் இனத்துக்கும் பிறவிக் குணங்கள் உண்டென்ற அடித்தளத்தில் வாதத்தைக் கட்டுகிறது அந்நூல். மலேசியாவில் அதற்கிருந்த தடை, 1981இல் ஆசிரியரே பிரதமரான பின்தான் நீங்கியது.

22 ஆண்டு ஆட்சி அடுத்த சான்று. 1987 அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், வி. டேவிட், பேராக் அரசியலில் முத்திரை பதித்த பி. பட்டு ஆகியோர் அதில் அடக்கம். அதே காலகட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்து வீடுகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கையும் ஒருசேர இழந்தன. இந்த இழப்பைத் தனியொருவரின் இன வெறுப்பாகக் கணக்கெழுத முடியாது. உலகச் சந்தையும் தோட்ட நிறுவனங்களும் மலேசிய இந்தியர் காங்கிரசும் (ம.இ.கா.) இதில் பொறுப்பாளிகள். ஆனாலும் தோட்டத்தைவிட்டு வந்தவர்களுக்கென்று போதிய மறுவாழ்வுத் திட்டம் வகுக்காத அரசுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்பதைத் தோட்டப்புற மக்கள் மறக்கவில்லை. இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராப் 2007 நவம்பர் 25 அன்று நடத்திய பேரணி, அவர் பதவி விலகி நான்காண்டுகள் ஆனபின் நடந்தாலும், அது வெடித்துச் சொன்ன குறைகளில் பல அவர் காலத்தில் சேர்ந்தவை.

4. ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

மகாதீரை ஒற்றைச் சொல்லில் அடக்க ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். கூ பூ தெய்க் 1995இல் வெளியிட்ட ஆய்வு, தேசியவாதம், முதலாளியம், இஸ்லாம், வெகுமக்களியம், அதிகாரவாதம் ஆகிய ஐந்தும் அவரிடம் ஒன்றோடொன்று முரண்பட்டே இயங்கின என்று காட்டுகிறது. பேரி வெய்ன் 2009இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, வளர்ச்சித் திட்டங்களையும் அவற்றின் விலையையும் பக்கம் பக்கமாக வைக்கிறது. 'மலாய்க்காரர் இக்கட்டு' எழுதிய அதே மனிதர்தான் 1991இல் 2020 தொலைநோக்கையும் 'பங்சா மலேசியா' என்ற ஒன்றுபட்ட தேசத்தையும் முன்வைத்தார் என்பதை இரு நூல்களும் ஒத்துக்கொள்கின்றன.

இந்த நுணுக்கம் ஆய்வுக்குத் தேவைதான். வாக்காளரின் தேவை வேறு. ஒருவரின் உள்ளத்தில் வெறுப்பு இருக்கிறதா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் என்ன பேசினார், என்ன சட்டம் செய்தார், யாருடைய அச்சத்தைத் தூண்டி வாக்குச் சேர்த்தார் என்பவற்றைச் சான்றுகளோடு காட்ட முடியும். தற்காப்பு வாதமும் இந்த மூன்று களங்களில்தான் பதில் சொல்ல வேண்டும். 'அவர் மனத்தளவில் நல்லவர்' என்ற சான்றிதழ் விவாதத்தை முடித்துவைக்காது.

5. நான்கு தற்காப்புகள்

2018 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் செராமா எனப்படும் பிரச்சாரக் கூட்ட மேடைகளிலும் கோப்பிக் கடைகளிலும் புழங்கிய வாதங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, வம்சம். மகாதீரின் தந்தைவழிப் பாட்டனார் கேரளத்திலிருந்து வந்தவர். அவருக்கே இந்திய இரத்தம் ஓடும்போது எப்படி இனவாதியாவார் என்பது இதன் சாரம். வலுவற்ற வாதம். தம் மூதாதையர் இனத்திடமிருந்து விலகி நிற்பதையே அரசியல் அடையாளமாக்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. இந்த வாதத்தின் ஆபத்தை மறுபக்கமே காட்டிக் கொடுத்தது. 2017 ஜூலை இறுதியில், அன்றைய துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி, மகாதீரின் பழைய அடையாள அட்டையில் இஸ்கந்தர் குட்டியின் மகன் என்று இருந்ததாக மேடையில் சொன்னார். இந்திய வம்சாவளி என்பது ஒருவரைச் சிறுமைப்படுத்தும் ஆயுதமாயிற்று. அதற்கு 'இல்லை, அவர் அசல் மலாய்க்காரர்' என்று பதில் சொன்னாலும், 'ஆமாம், அதனால் அவர் நம்மவர்' என்று பதில் சொன்னாலும், பிறப்பை வைத்து ஆளை அளக்கும் அதே தராசை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இனவாதத்துக்கு எதிரான வாதத்தில் இரத்தத்தைச் சாட்சிக்கு அழைக்கவே கூடாது.

இரண்டாவது, எதிரி இன்னும் மோசம் என்பது. 1எம்டிபி அரசு முதலீட்டு நிதி ஊழல், ஜிஎஸ்டி வரி, பிரதமர் நஜிப் ஆட்சியை அகற்ற வேண்டிய அவசரம், மலாய் வாக்குகளை அம்னோவிடமிருந்து பிரிக்க வல்லவர் மகாதீர் ஒருவரே என்ற கணிப்பு. இது நேர்மையான வாதம். அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லாமலே வாக்குக் கேட்கிறது. லிம் கிட் சியாங் தம்மைச் சிறையில் வைத்த ஆட்சியின் தலைவரோடு மேடையேறினார். கிரியான் ஆற்றைத் தாண்டிப் பினாங்குப் பக்கம் சென்றால் பத்து காவான் தொகுதி. அங்கே அதே கூட்டணியில் நின்று வென்றவர் பி. பட்டுவின் மகள் கஸ்தூரி பட்டு. 1987இல் தந்தையை இழுத்துச் சென்ற அரசின் தலைவருக்கு 2018இல் மகள் பிரதமர் பதவி பெற்றுத் தர உழைத்தார். காயப்பட்டவர்களே பழையதை ஒதுக்கிவைத்து நாட்டின் நலனை முன்வைத்த அந்தத் துணிவு மதிப்புக்குரியது. அதை எவரும் ஏமாளித்தனம் என்று எள்ளிவிட முடியாது.

மூன்றாவது, மாறிவிட்டார் என்பது. மனிதர்கள் மாறுவார்கள், அரசியல்வாதிகளும் மாறுவார்கள். மாற்றத்துக்கு அடையாளம் என்ன? 2017 இறுதியில் தம் கட்சியின் பொதுக்கூட்டத்தில் மகாதீர் கடந்த காலத் தவறுகளுக்காகப் பொதுப்படையாக மன்னிப்புக் கேட்டார். எந்தத் தவறு, யாரிடம் என்று குறிப்பிடவில்லை. லாலாங் கைதிகளின் பெயரோ தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களின் துயரமோ அதில் இல்லை.

இதை யூசோப் ராவாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1970களில் மலாய்த் தேசியவாதத்தில் ஊறியிருந்த பாஸ், 1980களில் அவர் தலைமையில் இன உணர்வை இஸ்லாத்துக்கு முரணான குழு வெறியென்று வெளிப்படையாக மறுத்தது; சீன சமூகத்தோடு பேசத் தனி ஆலோசனை மன்றமும் அமைத்தது. அந்த மாற்றம் பின்னாளில் நிலைத்ததா என்பது வேறு விவாதம். ஆனால் அது கட்சியின் கொள்கையாக அறிவிக்கப்பட்டது; மீறினால் எடுத்துக்காட்டிக் கேட்க ஆதாரம் இருந்தது. மகாதீரின் மாற்றத்துக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை.

நான்காவது, செயல். சரிபார்க்கக் கூடிய ஒரே தற்காப்பு இதுதான். தேர்தலுக்கு முன் இதில் காட்ட அதிகம் இல்லை; பக்காத்தானின் தேர்தல் அறிக்கையில் இந்தியர்களுக்கெனத் தனி வாக்குறுதிகள் இருந்தன, அவ்வளவே. அவற்றின் கதி என்ன ஆனது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

6. பேராக் தரும் இரண்டு ஒப்பீடுகள்

செயலால் ஐயத்தைப் போக்கியதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2008 மார்ச் தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31ஐ எதிர்க்கட்சிகள் வென்றன. ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) 18, கெஅடிலான் கட்சிக்கு 7, பாஸுக்கு 6. ஆறே இடம் பெற்ற பாஸின் முகமட் நிசார் ஜமாலுடின் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆகவிருந்தார். ஜ.செ.க. உறுப்பினர்கள் பதவியேற்பைப் புறக்கணிப்பார்கள் என்று லிம் கிட் சியாங் அறிவித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். பாஸ்காரர் சீனரையும் இந்தியரையும் எப்படி நடத்துவாரோ என்ற அச்சம் அந்தக் கூட்டணிக்குள்ளேயே இருந்தது.

ஓராண்டுக்குள் நிலைமை தலைகீழ். மாண்டரினும் தமிழும் பேசக்கூடிய நிசார், சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் புதுக் கிராமத்து மக்களுக்கு நிரந்தர நிலப்பட்டா வழங்கும் முயற்சியைத் தொடங்கினார். அவர் ஆட்சியில் வி. சிவகுமார் சபாநாயகரானார், நாட்டில் அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் கட்சி மாறி ஆட்சி கவிழ்ந்தபின், ஏப்ரல் 7 அன்று புக்கிட் கந்தாங் இடைத்தேர்தலில் நிசார் 2,789 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அவருக்கு எதிராக இப்போது எழுந்த பழி நேர்மாறானது: மலாய்க்காரர் உரிமையைப் பிறருக்கு விட்டுக் கொடுத்தவர், ஜ.செ.க.வின் கைப்பாவை. இனவாதப் பழியும் இனத்துரோகப் பழியும் ஒரே பட்டறையில் செய்யப்படுவதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது. பழி வந்தது என்பதனாலேயே அது உண்மையாகிவிடாது. அதைச் சொல்பவருக்கு என்ன லாபம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஒப்பீடு நம் பக்கத்தாரையும் விட்டுவைக்காதது. பேராக் ஜ.செ.க.வின் ஙா கோர் மிங், அன்றைய மந்திரி பெசார் ஸம்ரி அப்துல் காதிரின் தோல் நிறத்தைப் பளபளக்கும் கறுப்பு வண்ணத்துக்கு ஒப்பிட்டு மேடையில் கேலி செய்தார். 2012இல் கண்டனங்கள் வலுத்தபோது மன்னிப்புக் கேட்டார். கறுப்பு நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படுவது எப்படி வலிக்கும் என்பதைப் பள்ளிக்கூடத் திடலிலேயே தெரிந்துகொள்கிறவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். ஸம்ரி 2009இல் ஆட்சியைக் கைப்பற்றிய விதத்தில் கோபப்பட்டிருந்த பலர், அந்தக் கோபத்தை அந்தச் சொல்லுக்கும் தற்காப்பாக்கிக்கொண்டார்கள். அது தவறு. எதிரியின் அரசியல் குற்றம் அவருடைய தோலைப் பழிப்பதற்கு உரிமம் தராது. ஙா கோர் மிங் விஷயத்தில் எடுபட்ட தற்காப்பு ஒன்றே: பெயர் சொல்லிக் கேட்ட மன்னிப்பு. 2013இல் தைப்பிங்கில் மீண்டும் வென்றார். 2022 டிசம்பரில் அவரும் ஸம்ரியும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள்.

7. அலபாமாவிலிருந்து ஒரு பாடம்

அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், 1963இல் கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் நுழைவதைத் தடுக்க வாசலில் போய் நின்றவர். இனப் பிரிவினையே அவர் அரசியல் முதலீடு. 1972இல் சுடப்பட்டு நடக்க முடியாதவரானார். பின்னர் கறுப்பின மக்களின் தேவாலயங்களுக்குச் சென்று, தாம் செய்தது தவறு என்று அவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். 1982இல் கறுப்பின வாக்குகளின் துணையோடு மீண்டும் ஆளுநரானார். கறுப்பினத்தவர்களை அரசுப் பொறுப்புகளில் அமர்த்தினார். அவரை மன்னிக்காதவர்களும் இருந்தார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அவருக்காகப் பரிந்து பேசியவர்களின் கையில் சான்று இருந்தது: இன்ன தவறு, இன்னாரிடம் ஒப்புக்கொண்டார், அதன்பின் இன்னது செய்தார். 2018இல் மகாதீருக்காகப் பேசியவர்களின் கையில் இந்த மூன்றில் ஒன்றுமில்லை.

8. 2018க்குப் பின்: சாட்சியம்

மகாதீர் ஆட்சியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். குலசேகரன், கோபிந்த் சிங் டியோ, சேவியர் ஜெயகுமார், வேதமூர்த்தி என்று இந்தியர் நால்வர் முழு அமைச்சர்களானார்கள். முன்னெப்போதும் இத்தனை பேர் இருந்ததில்லை. வேதமூர்த்தி இண்ட்ராப் தலைவர். ஈப்போ பாராட்டின் குலசேகரனுக்கு மனிதவள அமைச்சு. 2018 ஆகஸ்டில், சிவப்பு அடையாள அட்டையோடு காலம் கழித்த 60 வயது கடந்த இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கிழவராகியும் அந்நியராகவே எண்ணப்பட்டவர்களுக்கு அது சிறிய செய்தியல்ல.

மறுபக்கம். 2018 செப்டம்பரில் ஐக்கிய நாட்டு மன்றத்தில், மனித உரிமை உடன்படிக்கைகளில் மலேசியா இணையும் என்று மகாதீர் பேசினார். அவற்றில் ஒன்றான, எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கைக்கு அம்னோவும் பாஸும் எதிர்ப்புக் கிளப்பின. நவம்பர் 23 அன்று அரசு பின்வாங்கியது. மலேசியா இன்றுவரை அதில் சேரவில்லை. 2019 ஆகஸ்டில் இஸ்லாமியப் பிரசாரகர் ஸாகிர் நாயக் மலேசிய இந்துக்களின் விசுவாசத்தைக் கேள்விக்குள்ளாக்கியபோது, குலசேகரன் உள்ளிட்ட அமைச்சர்கள் நடவடிக்கை கேட்டார்கள். ஸாகிர் வரம்பு மீறிவிட்டார் என்று பிரதமர் சொன்னார், நாட்டைவிட்டு அனுப்பவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று ஷா ஆலாமில் நடந்த மலாய் மானக் காங்கிரஸ் மேடையில் அவரே உரையாற்றினார். 2020 பிப்ரவரியில் பதவி விலகினார்.

பிறகு 2024 ஜனவரி. சென்னையின் தந்தி தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில், மலேசிய இந்தியர்கள் இந்நாட்டுக்கு முழு விசுவாசமாக இல்லை என்ற பொருளில் மகாதீர் பேசினார். 2018இல் தமக்காக வாக்குக் கேட்ட, வாக்களித்த மக்களைப் பற்றி, அவர்கள் தாய்மொழி ஒளிபரப்பிலேயே சொன்ன சொல் அது. 'மாறிவிட்டார்' என்ற வாதத்தை அதற்குமேல் தாங்கிப் பிடிக்க வழியில்லை.

9. மதிப்பீடு

இதிலிருந்து, 2018இல் அவரை ஆதரித்தது தவறு என்று முடிவுகட்டுவது அவசரம். ஒரே கூட்டணி 1957 முதல் விடாமல் ஆண்டுவந்த நாட்டில், வாக்குச்சீட்டால் ஆட்சி மாறும் என்பதை அத்தேர்தல் நிறுவியது. இரண்டாவது தற்காப்பு, அதாவது அவசியம், அந்த வாக்கை நியாயப்படுத்தப் போதுமானது. கோளாறு நடந்தது முதலாவதையும் மூன்றாவதையும் அதனோடு கலந்ததில். அவசியத்தால் கைகோத்தோம் என்று சொல்லியிருந்தால், கூட்டணியின் இந்தியத் தலைவர்கள் காவலர்களாக இருந்திருக்க முடியும். உடன்படிக்கையிலிருந்து அரசு பின்வாங்கிய அன்றே உரத்துக் கணக்குக் கேட்டிருக்கலாம். நல்லவராகிவிட்டார் என்று மேடையேறிச் சொன்னவர்களால் அப்படிக் கேட்க முடியவில்லை; கேட்டால் தங்கள் சொல்லே பொய்யாகும் நிலை. விடுதலைத் தீர்ப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் பேரம் பேசும் வலுவையும் இழந்தார்கள்.

இதில் பரிந்து பேசுபவரின் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. தமிழர் ஒருவர் தமிழர்களிடம் வந்து, இனவாதப் பழி சுமந்த வேட்பாளருக்காக வாக்குக் கேட்கும்போது, அவர் தம் சொந்த நம்பகத்தைக் கடனாகக் கொடுக்கிறார். அந்தக் கடனுக்கு அவரே பிணை.

2022 நவம்பர் 19 தேர்தலில் மகாதீர் லங்காவியில் வைப்புத்தொகையை இழந்தார். முஜாஹிட் பாரிட் புந்தாரைப் பெரிக்காத்தான் நேசனலின் மிஸ்பாகுல் முனிர் மஸ்டுக்கியிடம் இழந்தார். இன்று பாரிட் புந்தார் இந்தியர்களிடம் வாக்குக் கேட்டு வரப்போகும் கட்சிகள் எல்லாவற்றிலும், இனத்தைப் பற்றிப் பழைய பேச்சுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தேர்தல் செராமாக்களில், அவர்களுக்காகப் பேச வரும் இந்தியப் பேச்சாளர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று: உங்கள் வேட்பாளர் எந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றார், யாரிடம்? தொகுதியின் சிறுபான்மையினருக்காக எதைச் செய்து முடித்திருக்கிறார்? வென்றபின் அவர் மீண்டும் அப்படிப் பேசினால், நீங்கள் எந்தப் பதவியைவிட்டு விலகுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கான பதிலை மேடையிலேயே, பெயரோடும் தேதியோடும் எழுதி வாங்கி வைக்க வேண்டும்.